வெறும் கல்

த்ரீபேஸ் வந்துவிட்டது என்று
கொட்டகைக் குண்டுபல்பு எரிந்து சொன்னது.
அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது.
அதையும் கல் என்றுதான் சொன்னோம்,
குத்தாலம் கடைத்தெருவில்
குக்கர் வாங்கியதற்கு இலவசமாய் வந்த
அந்தக் கறுப்பு வழவழப்பை.

ரெண்டு நிமிஷ வேலை என்று போனேன்.
ஃபுட்வால்வில் பாசி.
குடம் குடமாய் ஊற்றி
பம்பு தண்ணீரைக் கவ்விப் பிடிக்க
முக்கால் மணி நேரம்.
குறுவை நாற்றுக்குள் முதல் நீர் ஓடுவதை
நின்று வேறு பார்த்தேன்.

வீட்டில் தீய்ந்த நாற்றம் இல்லை.
வெயிலில் கிடந்த பொம்மையின் வாசனை,
கண்ணில் லேசான கரிப்பு.
கல்லின் நடுவில் சாம்பல் நிற வட்டம்.
அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன்,
பழையது போதும் என்று தட்டைப் போட்டு உட்கார்ந்தபோது
கூடத்துக் கூண்டில்
லவ்பேர்ட்ஸ் இரண்டும் கம்பியில் இல்லை.
தரையில் கிடந்தன,
அலகு திறந்தபடி.

பள்ளி விட்டு வந்த நிறைமொழி
கேள்வி கேட்கும் முன்பே
என் வாய் பதில் வைத்திருந்தது:
"பின்வயல்ல மருந்தடிச்சாங்கல்ல, அதான்."
அமிர்தலிங்கம் அன்று மருந்தடித்தது நிஜம்.
காற்று கிழக்கே போனது,
எங்கள் வீடு மேற்கே இருக்கிறது,
அதுவும் நிஜம்.
அதை நான் சொல்லவில்லை.

தினைக்கதிர் கொண்டுவந்து
கூண்டில் செருகிவிட்டுப் போகிற மனுஷன் அவர்.
மறுநாள் அவர் கூப்பிட்டபோது
அவள் திரும்பாமல் சைக்கிளை மிதித்தாள்.
அப்புறம் அவர்
எங்கள் கொல்லை வழியாக வரவில்லை.

அன்று ராத்திரி எனக்கு நடுக்கம், நெஞ்சில் பாரம்.
சேற்றில் நின்றது என்று நினைத்தேன்.
விடியலில் காரைக்கால் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்த
தில்லைநாயகி
என் நெற்றியைத் தொட்டாள், கூண்டைப் பார்த்தாள்,
அடுப்படிக்குப் போய் வந்தாள்.
"வெறுமனே எவ்வளவு நேரம் காஞ்சுது?"
கீறலுக்கும் உதிருற தூளுக்கும்
ஊரே பயப்படுதாம்.
தூள் வயித்துல போனா போன வழியே வந்துடுமாம்.
"வெறுங்கல்லைக் காயவிட்டா வர்ற புகைதான் ஆகாது.
நமக்கு ஒரு நாள் காய்ச்சல்.
அதுங்க நெஞ்சு எத்தினி பெருசு?"

மயிலாடுதுறை, பட்டமங்கலத் தெரு.
பீங்கான் பூச்சு என்றான் கடைப்பையன்,
எத்தனை நாள் வரும் என்றால் சிரித்தான்.
எவர்சில்வரில் மாவு ஒட்டும் என்று
அவனே சொல்லிவிட்டான்.
அலுமினியம் இலேசு;
எங்கள் வீட்டில் புளி ஊற்றாமல் எது வேகும்?
கடைசியில் வார்ப்பிரும்பு,
இரண்டே முக்கால் கிலோ.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
யாருடைய பிள்ளையையோ போல.

முதல் தோசை வரவில்லை.
இரண்டாவது பாதி வந்தது.
வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன்,
ராத்திரி ஈரத்துணியில் வைத்துவிட்டேன்,
காலையில் செந்துரு.
திரும்பத் தேய்த்து, திரும்பக் காய்ச்சி,
எட்டாம் நாள்
ஓரம் தானாக எழும்பியது.
அதைத் தட்டில் போட்டபோதுதான் சொன்னேன்
நிறைமொழியிடம்.

அவள் அழவில்லை.
தோசையைத் தொடவுமில்லை.
"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

வரப்பில் போனேன்.
மடை திருப்பிக்கொண்டிருந்தார்.
சொன்னேன், நடுவில் இருமல் வேறு.
மண்வெட்டியை ஊன்றி நின்றவர்
"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.
"என் மருந்துதான்னு.
ஒரு வாரமா டப்பாவை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்,
குருவின்னு எங்கயாவது போட்டிருக்கான்னு."

என்னால் காலைச் சேற்றிலிருந்து எடுக்க முடியவில்லை.

"அந்தக் கல்லு...
குக்கருக்குக் குடுத்தானே, அதா?"

ஆமாம் என்றேன்.

அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.
ஓட்டுக்கு மேலே புகை.
திறந்த அடுப்படிக் கதவில்
கோழிகள்
போவதும் வருவதுமாக இருந்தன.